கோட்டைக்குள் யார் சாப்பிடுகிறார்கள்?

அரையாண்டு விடுமுறையில் என் தங்கை வீட்டில் ஒரு சிறிய போர் நடந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் அவளுடைய மகன், கைபேசியில் கோட்டை கட்டும் விளையாட்டு ஒன்றை ஆடிவந்தான். இலவசமாகக் கிடைப்பதுதான். ஆனால், மதிலை அடுத்த நிலைக்கு உயர்த்த வேண்டும் என்றால் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர்கள் ரத்தினக் கற்களைக் கொடுத்து வேலையை உடனே முடித்துக்கொள்ளலாம். அந்தக் கற்களை உண்மையான பணம் செலுத்தித்தான் வாங்க வேண்டும். அம்மாவின் யுபிஐ ரகசிய எண்ணை அவன் எப்போதோ பார்த்து வைத்திருந்தான். இரண்டு மாதங்களில் 6,400 ரூபாய் கரைந்திருந்தது. சிறுசிறு தொகைகளாகப் போனதால் வங்கிக் கணக்கைப் பார்க்கும்வரை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கைபேசி பீரோவுக்குள் போனது. அழுகை, கோபம், பேச்சின்மை எல்லாம் முறைப்படி நடந்தேறின. மூன்றாம் நாள் தங்கை என்னை அழைத்தாள். “அண்ணா, இதையெல்லாம் ஆடி அரியர் வெச்சது நீங்கதானே? நீங்களே வந்து அவன்கிட்ட பேசுங்க” என்றாள். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அரியர் எங்கள் குடும்பத்தில் இன்னும் மறக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவனிடம் பேசியதில் ஒன்று புரிந்தது. அவனுக்குக் கோட்டை என்ற பொருளின் மீதே உண்மையான ஈர்ப்பு இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் எல்லாம் கொத்தளங்களையும் அகழிகளையும் வரைந்து வைத்திருக்கிறான். அந்த ஈர்ப்பைப் பிடுங்கி எறிவது நியாயமாகப் படவில்லை. “பணம் பிடுங்காத ஒரு கோட்டை விளையாட்டை நான் தேர்ந்தெடுத்துத் தருகிறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இடைக்கால ஐரோப்பாவைக் களமாகக் கொண்ட கோட்டை, போர் உத்தி விளையாட்டுகளை இதற்காக இரண்டு வாரங்கள் மீண்டும் ஆடிப்பார்த்தேன். இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கும், தனக்கே ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் பெரியவர்களுக்கும் அந்த அனுபவம் பயன்படக்கூடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் வீடுகளில் ‘ஆன்லைன் கேம்’ என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆசையில் ஆடுவது ஒன்று. அதைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் மாதம் நிறைவேற்றியது. இலவசமாக உள்ளே அழைத்து, பிறகு பொறுமையின்மைக்கு விலை வைப்பது இரண்டாவது. ஒரே ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, ஒரு புத்தகத்தைப் போல நம்மிடம் வைத்துக்கொள்வது மூன்றாவது. நான் பேசப்போவது இந்த மூன்றாவது வகையைப் பற்றி.

இந்த வகைக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. 1986இல் வந்த ‘டிஃபெண்டர் ஆஃப் தி கிரவுன்’, 1991இல் வந்த ‘காஸில்ஸ்’, 1996இல் வந்த ‘லார்ட்ஸ் ஆஃப் த ரெல்ம் 2’ ஆகியவை முன்னோடிகள். இன்றும் கடையில் கிடைத்து, இன்றைய கணினியில் ஓடும் பழையவற்றில் இரண்டு: 1999இல் வெளியான ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’, 2001இல் பிரிட்டனின் ஃபயர்ஃபிளை நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ராங்ஹோல்ட்’. இரண்டும் புதுப்பிக்கப்பட்ட வடிவில் கிடைக்கின்றன. முன்னது 2019இலும் பின்னது 2023இலும் புதுப்பொலிவு பெற்றன.

விளையாட்டின் விளம்பரப் படத்தில் மதில் எவ்வளவு உயரம், தீ எவ்வளவு அழகாக எரிகிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான். இப்போது வேறொரு கேள்வியைக் கேட்டுப்பார்க்கிறேன்: இந்தக் கோட்டைக்குள் இருப்பவர்கள் சாப்பிடுகிறார்களா?

வேடிக்கையாகத் தோன்றலாம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இல் ஒரு குடியானவரை உருவாக்க 50 அலகு உணவு தேவை. அதோடு சரி. அதன் பிறகு அவர் மரம் வெட்டுவார், கல் உடைப்பார், வயல் உழுவார். ஆட்டம் முடியும்வரை ஒரு கவளம்கூட உண்ண மாட்டார். 650 அலகு கல் இருந்தால் ஒரு கோட்டையை எழுப்பிவிடலாம். அந்தக் கோட்டையை எதிரி ஆண்டுக்கணக்கில் சுற்றி வளைத்தாலும் உள்ளே பசி என்ற ஒன்று எழாது. அது குறையல்ல, அந்த விளையாட்டின் இயல்பே விரைவு. யார் முதலில் வளர்கிறார், யார் முதலில் தாக்குகிறார் என்பதே அங்கு கணக்கு. சதுரங்கக் காய்களுக்குப் பசிப்பதில்லை என்று யாரும் குறைகூறுவதில்லை அல்லவா?

‘ஸ்ட்ராங்ஹோல்ட்’ இதற்கு நேர்மாறானது. அங்கே ஆட்டம் தொடங்கியதும் நம் தலைமை மாளிகையின் முன் ஒரு தீமூட்டத்தைச் சுற்றி வேலையற்ற சிலர் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வேலை தர வேண்டும். அவர்கள் ஒவ்வொரு மாதமும் சாப்பிடுகிறார்கள். ஆப்பிள் தோட்டம், பால் பண்ணை, வேட்டைக்காரர், கோதுமை வயல் எல்லாம் களஞ்சியத்தை நிரப்பப் பாடுபடுகின்றன. இவற்றில் ரொட்டிதான் நீண்ட வழியில் வருவது: கோதுமை விளைய வேண்டும், சேமிப்புக் கிடங்குக்குப் போக வேண்டும், காற்றாலையில் மாவாக வேண்டும், அடுமனையில் வேக வேண்டும், அதன் பிறகே களஞ்சியம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சில மாதங்களில் தெரிந்துவிடும்.

திரையின் ஓரத்தில் மக்கள் ஆதரவைக் காட்டும் ஓர் எண் இருக்கும். படியளவை இரட்டிப்பாக்கினால் அது ஏறும். வரியை உயர்த்தினால் இறங்கும். அது ஐம்பதுக்குக் கீழே போனால் மக்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். படைவீரர் என்பவரும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. தீமூட்டத்தருகே நிற்கும் அதே மனிதரிடம் பட்டறையில் செய்த வில்லையோ வேலையோ கொடுத்தால்தான் வீரர். ஒரு வில்லாளரைச் சேர்த்தால் ஓர் உழவரை இழக்கிறோம். எளிய கணக்கு, ஆனால், அரசாங்கங்களின் வரவுசெலவுத் திட்டங்களைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகளைவிட இந்தக் கணக்கு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

இதில் நான் மிகவும் மதிக்கும் ஓர் அம்சம், அச்சத்துக்கும் அன்புக்குமான கணக்கு. கோட்டைக்குள் தூக்குமரமும் தண்டனைக் கட்டையும் நட்டால், தொழிலாளர்கள் அதிகம் உழைப்பார்கள். ஆனால், மக்கள் ஆதரவு குறையும், வீரர்களின் போர் ஊக்கமும் குறையும். பூந்தோட்டமும் சிலைகளும் அமைத்தால், வீரர்கள் மன உறுதியோடு போரிடுவார்கள். ஆனால், வேலை மெத்தனமாக நடக்கும். எது சரி என்று விளையாட்டு சொல்வதே இல்லை. கொடுங்கோலனாகவும் வெல்லலாம், நல்லவனாகவும் வெல்லலாம். இரண்டுக்கும் விலை உண்டு. பதின்மூன்று வயதுச் சிறுவனோடு இதைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியும். நான் பேசினேன்.

பசியும் முற்றுகையும்

பசியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உண்மையான முற்றுகைகள் பலவற்றின் முடிவை அதுவே தீர்மானித்தது. இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டையை 1215இல் ஜான் மன்னர் முற்றுகையிட்டார். மூலைக் கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டி, அதை மரத்தூண்களால் தாங்கி நிறுத்தினார்கள். அந்தத் தூண்களை எரிக்க, உண்பதற்கு உதவாத கொழுத்த பன்றிகள் நாற்பதை அனுப்பும்படி மன்னர் எழுதிய ஆணை இன்றும் இருக்கிறது. பன்றிக் கொழுப்பு எரிந்தது, தூண்கள் எரிந்தன, கோபுரத்தின் மூலை சரிந்தது. ஆனாலும் கோட்டை விழவில்லை. உள்ளே இருந்த குறுக்குச் சுவருக்கு அப்பால் போய் வீரர்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் அவர்களைப் பணிய வைத்தது பட்டினிதான். சரிந்த மூலையைப் பிற்பாடு வட்ட வடிவில் கட்டினார்கள். மற்ற மூன்று மூலைகளும் சதுரமாக இருக்க, அது மட்டும் உருண்டையாக இன்றும் நிற்கிறது. ‘ஸ்ட்ராங்ஹோல்ட்’ விளையாட்டில் சுரங்கம் தோண்டுவோர் ஒரு தனிப் படைப்பிரிவாக இருப்பதை நான் முதலில் வெறும் கற்பனை என்றே நினைத்தேன்.

இன்னொரு நிகழ்வு இதைவிடக் கொடியது. சீன் நதிக்கு மேலே ஒரு பாறை முனையில், சிங்க நெஞ்சன் எனப்பட்ட ரிச்சர்ட் 1196க்கும் 1198க்கும் இடையே கட்டியது ஷத்தோ கயார் கோட்டை. 1203இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் அதைச் சூழ்ந்துகொண்டபோது, அடிவாரத்து ஊர்மக்கள் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். களஞ்சியம் அத்தனை வயிறுகளுக்குப் போதாது என்று கணக்கிட்ட கோட்டைத் தலைவர், போரிட இயலாதவர்களை வெளியேற்றினார். முதலில் போனவர்களுக்குப் பிரெஞ்சுப் படை வழிவிட்டது. பின்னால் வந்தவர்களைத் தடுத்துவிட்டது. கோட்டைக் கதவும் மூடிக்கொண்டது. மதிலுக்கும் முற்றுகை அரணுக்கும் நடுவே, குளிர்காலத்தில், திறந்த வெளியில் அவர்களில் பலர் பசியால் மடிந்தார்கள். 1204 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது.

நான் ஆடிய எந்த விளையாட்டும் இந்த முடிவை நம் கையில் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால், களஞ்சியம் இல்லாத கோட்டை விளையாட்டில் இப்படி ஒரு கேள்வி எழவே வாய்ப்பில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோட்டை முற்றுகைக்கு உழிஞை என்றும், கோட்டைக் காவலுக்கு நொச்சி என்றும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. திருக்குறளின் ‘அரண்’ அதிகாரமும், உள்ளே இருப்போர்க்கு வேண்டிய உணவைக் கோட்டையின் இலக்கணங்களில் ஒன்றாகச் சேர்த்தே சொல்கிறது. உயரம், அகலம், திண்மையோடு சோறும் அரணின் பகுதி.

கல்லும் எருதும்

அடுத்து, கட்டுமானம். தொடக்கத்தில் ‘ஸ்ட்ராங்ஹோல்ட்’ ஆடியபோது நான் செய்த பெரும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்குவாரி அமைத்துவிட்டு, கல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குவாரியில் வெட்டிய கற்கள் குவிந்துகொண்டே இருந்தன; கிடங்கில் ஒரு கல்லும் சேரவில்லை. எதிரி வந்து எல்லாவற்றையும் கொளுத்திவிட்டுப் போன பிறகுதான், குவாரிக்கு அருகே எருது கட்டுத்தறி ஒன்றை அமைத்தால்தான் கல் நகரும் என்பது புரிந்தது. மதிலைக் கட்டுவது மன்னர் என்று பாடநூல் சொல்கிறது. மாடு என்று விளையாட்டு சொன்னது.

ஆவணங்களைப் புரட்டினால் விளையாட்டின் பக்கமே உண்மை அதிகம். வேல்ஸின் பியூமாரிஸ் கோட்டைப் பணி 1295இல் தொடங்கியது. முதலாம் எட்வர்டின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ், மறு ஆண்டு தொடக்கத்தில் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. 400 கொத்தர்கள், 2,000 சிற்றாட்கள், 200 குவாரித் தொழிலாளர்கள், 30 கொல்லர்கள், 100 வண்டிகள், 60 பாரவண்டிகள், 30 படகுகள் என்று அதில் கணக்குச் சொல்கிறார். கூலி பாக்கி நிற்கிறது, ஆட்களுக்கு உண்ண வழியில்லை, அவர்களைத் தக்கவைப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்றும் முறையிடுகிறார். பணம் போதிய அளவு வரவில்லை. கோட்டை திட்டமிட்ட உயரத்தை எட்டவே இல்லை. அரைகுறையாக நிற்கும் அந்தக் கோட்டை இன்று உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று.

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் கெதலோன் என்ற இடத்தில், 13ஆம் நூற்றாண்டு முறைப்படியே ஒரு கோட்டையை 1997இலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல் அங்கேயே வெட்டப்படுகிறது. சுண்ணாம்புச் சாந்து அங்கேயே குழைக்கப்படுகிறது. ஆட்கள் உள்ளே நடந்து சுழற்றும் மரச்சக்கரப் பாரந்தூக்கியால் கல் மேலே போகிறது. இருபத்தைந்து ஆண்டுகளில் முடியும் என்று தொடங்கினார்கள். அந்தக் கெடுவும் கடந்துவிட்டது.

தங்கை மகனின் கைபேசிக் கோட்டைக்கு இங்கே திரும்ப வேண்டும். அதில் மதில் உயர மூன்று நாள் ஆகும் என்றேன். ஏன் மூன்று நாள்? குவாரி தொலைவிலா? மாடு இல்லையா? கொத்தர்கள் கூலி கேட்கிறார்களா? பனிக்காலமா? எதுவும் இல்லை. அந்த மூன்று நாளுக்குப் பின்னால் எந்தக் காரணமும் இல்லை. காத்திருப்பே அங்கு சரக்கு. அதை நீக்கித் தருவதே வியாபாரம். பியூமாரிஸில் தாமதத்துக்குக் காரணம் இருந்தது. ‘ஸ்ட்ராங்ஹோல்ட்’ தன் பங்குக்கு எதிர்த்திசையில் பொய் சொல்கிறது: கிடங்கில் கல் இருந்தால் போதும், சுட்டியை இழுத்தவுடன் மதில் முளைத்துவிடும். ஆனால், கல் வந்த வழி உண்மையானது. அதை உண்மையான பணம் கொடுத்துத் தாண்ட முடியாது. மாடு நடக்கும் வேகத்தில்தான் கோட்டை வளரும். விளையாட்டில் வரும் தாமதத்துக்கு ஒரு காரணத்தை அந்த உலகத்துக்குள்ளேயே காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியவில்லை என்றால், கைபேசியில் பணப் பரிவர்த்தனைச் செயலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எருதை இன்னும் ஆழமாகக் கொண்டாடும் விளையாட்டு ‘மேனர் லார்ட்ஸ்’. போலந்தைச் சேர்ந்த ஒரு படைப்பாளி பெரும்பாலும் தனியாளாக உருவாக்கியது; 2024 ஏப்ரலில், முழுமை பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஜெர்மானிய நிலத்தின் ஃபிராங்கோனியாப் பகுதி ஆகியவை அதற்கு மாதிரி. அங்கே ஒரு வீடு எழும்ப வேண்டும் என்றால் மரத்தை எருது இழுத்துவர வேண்டும். வீட்டுக் கொல்லையில் காய்கறித் தோட்டம் போடலாம், கோழி வளர்க்கலாம். குளிர்காலத்துக்கு விறகு வேண்டும். போர் என்றால் அதே குடும்பத்து ஆண்கள்தான் வேலேந்திப் போக வேண்டும். அறுவடைக் காலத்தில் படை திரட்டினால் வயல் அப்படியே கிடக்கும். போனவர்கள் திரும்பாவிட்டால் அந்த வீட்டின் உழைப்பு என்றென்றைக்கும் குறையும். ஆனால், பிரம்மாண்டமான கற்கோட்டை எழுப்பும் ஆசையோடு போனால் ஏமாற்றமே. இது கிராமத்தின் கதை. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் திணறவும் செய்யும்.

யாருக்கு எது?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும் படைகளை நகர்த்தி, ஐரோப்பாவையே வரைபடத்தில் ஆள விரும்புவோர்க்கு 2006இல் வந்த ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ இன்றும் பொருத்தமானது. அதில் ஓர் ஊரைக் கோட்டையாக வைத்திருப்பதா, நகரமாக மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். கோட்டை நல்ல வீரர்களைத் தரும். நகரம் வரியைத் தரும். முற்றுகையிட்டால், உள்ளே இருப்பவர்கள் எத்தனை சுற்றுகள் தாக்குப்பிடிப்பார்கள் என்ற கணக்கும் உண்டு. அவசரப்பட்டு ஏணி வைத்து ஏறினால் பாதிப் படை போய்விடும். பொறுத்திருந்தால் பசி நமக்காக வேலைசெய்யும்.

‘குருசேடர் கிங்ஸ் 3’ கோட்டை கட்டும் விளையாட்டு என்று நினைத்து வாங்குவோர் உண்டு. அதில் கோட்டை என்பது ஒரு சொத்து. பொன் கொடுத்தால் மேம்படும், அவ்வளவுதான். அதன் உண்மையான பொருள் குடும்பம்: யாருக்கு யாரை மணமுடிப்பது, எந்த மகனுக்கு எந்த ஊர் போகும், யார் யாரைக் கொல்லச் சதி செய்கிறார்கள். சொத்துப் பிரிவினையில் அடிபட்ட எவருக்கும் அது பிடித்துப்போகும். ஆனால், கள்ள உறவும் கொலையும் அதில் சர்வசாதாரணம். பதின்மூன்று வயதுக்கு அதை நான் தரமாட்டேன்.

பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் கேட்டால் ‘கிங்டம்ஸ் அண்ட் காஸில்ஸ்’ என்பேன். 2017இல் வந்தது, கட்டைகளை அடுக்குவதுபோல மதில் அடுக்கலாம், எதிரிகளே வராத நிலையிலும் ஆடலாம். பொம்மைபோல இருந்தாலும் அங்கும் மக்கள் பசிக்கிறார்கள், குளிர்காலத்தில் சாகிறார்கள், அவர்களுக்கு இடுகாடு அமைக்க வேண்டியிருக்கிறது. என் கேள்விக்கு அது தேறிவிடுகிறது.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ பற்றி ஒரு கூடுதல் செய்தி. 2022இல் வந்த இந்திய அரசுகளுக்கான அதன் விரிவாக்கத்தில் ‘திராவிடர்கள்’ என்ற பெயரில் ஓர் அணி சேர்க்கப்பட்டது. ராஜேந்திர சோழனை மையமாகக் கொண்ட போர்க்களத் தொடரும் உண்டு. ஆட்களைச் சொடுக்கினால் தமிழில் பதில் வருகிறது. முதல்முறை கேட்டபோது மகிழ்ச்சியில் நான் காரணமின்றி இருபது முறை சொடுக்கினேன். ஆனால், மொழிக் குடும்பம் ஒன்றின் பெயரை இடைக்கால அரசுக்குச் சூட்டியது எனக்கு ஒப்பவில்லை. சோழப் படைவீரர் ஒருவரிடம் “நீ திராவிட வீரனா?” என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். அவர்களுக்கும் 50 அலகு உணவு ஒருமுறைதான் என்பதும் வேறு விஷயம்.

வாங்கும் முன்

நேரம்பற்றி நேர்மையாக இருக்க வேண்டும். என் அரியருக்குக் காரணம் பணம் பிடுங்கும் விளையாட்டு அல்ல. மிக நல்ல விளையாட்டு. 2003இல் கல்லூரிக்கு எதிரே இருந்த கணினி மையத்தில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆடினோம். நாலு பேர் எதிரெதிரே ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போக முடியாது. ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரம் இழுக்கும். தோற்றவர் மறு ஆட்டம் கேட்பார். எனவே, வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு வாங்கும்போது, தனியாக ஆடக்கூடியதா, எந்த நொடியிலும் நிறுத்திச் சேமித்துவிட்டு எழ முடியுமா என்று கேளுங்கள். சாப்பிடக் கூப்பிட்டால் வரக்கூடிய விளையாட்டா என்பதே எளிய சோதனை. சுற்றுச்சுற்றாக ஆடுபவற்றுக்கு இன்னோர் ஆபத்து உண்டு: ‘இன்னும் ஒரு சுற்று’ என்று நள்ளிரவைத் தாண்டிவிடும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

செலவைப் பொறுத்தவரை, ஸ்டீம் கடையில் விலை ரூபாயிலேயே இருக்கிறது. ஆண்டில் சில முறை பெரும் தள்ளுபடி வரும். பழைய விளையாட்டுகள் அப்போது ஒரு சினிமா டிக்கெட் அளவுக்கே இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம் பெற்றோர் அருகில் உட்கார வேண்டிய நேரம். வாங்கிய பிறகும் விளையாட்டுக்குள் கடை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பிள்ளையின் கணக்கைக் குடும்பக் கணக்கோடு இணைத்து, ஆடும் நேரத்துக்கு வரம்பு வைக்கவும் வழி இருக்கிறது. கட்டண அட்டை விவரங்களை மட்டும் அங்கே சேமித்து வைக்காதீர்கள்.

தங்கை வீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது ‘ஸ்ட்ராங்ஹோல்ட்’டின் 2023 பதிப்பு. அவளுடைய பழைய அலுவலக மடிக்கணினியிலேயே ஓடுகிறது. சனி, ஞாயிறு மட்டும், ஒன்றரை மணி நேரம் என்பது ஒப்பந்தம். 6,400 ரூபாயை என்ன செய்வது என்பது தனிப் பேச்சுவார்த்தையாக நடந்தது; அடுத்த இரு பிறந்தநாள்களுக்குப் பரிசு கிடையாது என்ற முடிவை அவனே முன்மொழிந்தான். தங்கை இன்னும் முழுதாக நம்பவில்லை. முதல் வாரம் அவன் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். “எங்கேயும் பணம் கேக்கலையே” என்று சந்தேகத்தோடு என்னிடம் சொன்னாள்.

அவனுக்கு முதல் நாள் பிடிக்கவில்லை. எதிரே எலி, பாம்பு, பன்றி, ஓநாய் என்று பட்டப்பெயர் கொண்ட நான்கு பிரபுக்கள் காத்திருக்கும்போது, ஆப்பிள் பறிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு அவமானமாகப் பட்டது. இரண்டு வரிசை மதிலைக் கட்டி எல்லா ஆட்களையும் வில்லாளர்களாக்கினான். மூன்றாவது மாதம் களஞ்சியம் காலி. மக்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எதிரி வந்தபோது மதிலின் மேல் அம்பெய்ய ஆள் இருந்தது. ஆட்சி செய்ய ஊர் இல்லை. “மாமா, இதுல ஆளுங்களுக்குப் பசிக்குது” என்று அன்றிரவு தொலைபேசியில் புகார் சொன்னான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அழைத்தான். இப்போது ரொட்டி தயாராகிறதாம். மக்கள் ஆதரவு எண்பதைத் தாண்டிவிட்டதாம். மரவேலியை எடுத்துவிட்டுக் கல்மதில் எழுப்பத் தொடங்கியிருக்கிறான்.

“ஆனா மாமா, குவாரியில கல்லு மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. கோட்டைக்கு ஒண்ணுகூட வரமாட்டேங்குது.”

“மாடு கட்டினியா?”

சற்று நேரம் பேச்சில்லை.

“எந்த மாடு?”